இடது முன்னங்கால்

சூடாகத்தான் இருந்தது. இல்லை, சூடு மாதிரி இருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற நூலிழை இடத்தில் சவரிமுத்து விடியற்காலை ஐந்து மணியிலிருந்து மாட்டிக்கொண்டிருக்கிறான். இப்போது மணி மூன்றாகப் போகிறது. கையில் கடிவாளம், பக்கத்தில் பாப்பா, சுற்றிலும் வெள்ளையடித்த கம்பி வேலி, வேலிக்கு அப்பால் ஸ்வெட்டரும் கூலிங் கிளாஸுமாக ஜனங்கள். பந்தயத்துக்கு முன்னால் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்ட வேண்டும், ஜனங்கள் பார்த்துத் திருப்திப்பட வேண்டும். அவர்கள் எதைப் பார்த்துத் திருப்திப்படுகிறார்கள் என்பது முப்பது வருஷமாகக் குதிரை கவனிக்கிற சவரிமுத்துவுக்கு இன்னும் பிடிபடவில்லை. பளபளப்பைப் பார்க்கிறார்கள். பளபளப்பு அவன் கைவேலை, ஒரு மணி நேரம் தேய்த்தால் எருமையும் பளபளக்கும். பிடரியில் போட்ட பின்னலைப் பார்க்கிறார்கள். அதுவும் அவன் போட்டதுதான். குனிந்து முட்டிக்குக் கீழே பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, அங்கே பார்க்க எதுவும் இல்லை என்பதும் உண்மை, வீக்கம் இல்லை, நொண்டல் இல்லை, செங்கல் பாவிய பாதையில் டக் டக் டக் டக் என்று நாலு சத்தம் சரியாகத்தான் விழுகிறது. மூன்றாவது கொஞ்சம் இளைத்து விழுகிறதோ. நாலு சுற்று நடந்துவிட்டான், முதல் சுற்றில் இளைத்தது, இரண்டாவதில் இளைக்கவில்லை, மூன்றாவதில் வேலியோரம் ஒரு குழந்தை அழுததில் காது அங்கே போய்விட்டது. பாப்பாவுக்கு அட்டையில் அச்சடித்த பெயர் எர்லி மான்சூன். அதை வாயில் போட்டு உருட்டிக்கொண்டிருக்க அவனுக்கு நேரமில்லை, இரண்டு வயதில் லாயத்துக்கு வந்த அன்றைக்கே பாப்பா என்றுவிட்டான், அவளும் அதற்கே காதைத் திருப்பினாள். இப்போது நாலு வயது. செம்மண் நிறம், நெற்றியில் அரிசியளவு வெள்ளை. இன்றைக்குப் பதினொன்றாம் நம்பர். முன்னால் நடக்கிற பத்தும் ஆண் குதிரைகள். கழுத்தைப் பார்த்தாலே தெரியும், மாட்டுக் கழுத்து கனம். அவற்றுக்குப் பின்னால் இவள் நடப்பது, ஆண்கள் பந்தியில் தனியாக ஓர் இலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தவள் மாதிரி இருந்தது, ஆனால் பாப்பா அதற்கெல்லாம் கூச்சப்படுகிறவள் இல்லை. கூச்சம் முழுக்க சவரிமுத்துவுக்கு.

ஐந்து மணிக்கு நடந்ததை ஒழுங்காக அடுக்கிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும் என்று ஒரு நம்பிக்கை, பதினைந்து தடவை அடுக்கிவிட்டான். லாயத்துக்கு வெளியே குழாயடியில் பிரஷ்ஷைக் கழுவினான். ஊட்டியில் அந்நேரத்துத் தண்ணீர் மே மாதத்திலும் தண்ணீரில்லை, கழுவி முடித்ததும் விரல்கள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தக் கையோடு உள்ளே வந்தான், இரவு காலில் சுற்றிய துணிக்கட்டை அவிழ்த்தான், இடது முன்னங்காலின் பின்பக்கம் கயிறு மாதிரி ஓடுகிற நரம்பின் மேல் உள்ளங்கையை வைத்தான். சுட்டது. உடனே வலது காலைத் தொட்டான், அதுவும் சுட்டது. மரத்துப்போன கைக்கு எதைத் தொட்டாலும் சுடும்தானே. இடது கொஞ்சம் கூடுதலா, இரண்டும் ஒன்றா, இடதை முதலில் தொட்டதால் அப்படித் தோன்றியதா. கையைச் சூடு பண்ணிக்கொண்டு வந்து திரும்பத் தொட்டால் தெரிந்துவிடும், ஐந்து நிமிஷ வேலை. அதைத்தான் செய்திருக்க வேண்டும். ஆனால் பந்தய நாள் காலை என்றால் இந்த லாயத்தில் முதல் வேலை ஐஸ் வாளி. டாக்டர் வருவதற்குள் முன்னங்கால் இரண்டும் ஐஸில் நின்று எழ வேண்டும், முப்பது வருஷப் பழக்கம், டிரெய்னர் மாறினாலும் ஊர் மாறினாலும் மாறாத பழக்கம், குதிரைக்கு அது சுகம், காலுக்கு அது பலம். யோசிப்பதற்கு முன்னால் கை வாளியை இழுத்துவிட்டது, கை ஐஸை உடைத்துக் கொட்டிவிட்டது. பாப்பாவுக்கு வாளி என்றால் ஆகாது. இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட ஒழுங்காக நின்றதில்லை, உதைப்பாள், கவிழ்ப்பாள், ஒரு தடவை அவன் முழங்கால் சில்லையே பெயர்க்கப் பார்த்தாள். இன்றைக்கு வாளியைக் கீழே வைத்ததும் யாரும் சொல்லாமலே இடது காலைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம், பல்லெல்லாம் தெரியச் சிரித்து நல்ல பிள்ளை, நல்ல பிள்ளை என்று கழுத்தைத் தட்டிக்கொடுத்தான். மடையன். காலைப் பற்றி அவள் சொன்னதை அவன் பாராட்டிக்கொண்டிருந்தான். வலது காலையும் முக்கி எடுத்த பிறகு டீயும் வர்க்கி ரொட்டியும் வந்தன, கிளாஸை இரண்டு கையாலும் பிடித்து உருட்டி உருட்டிக் கையைச் சூடு பண்ணினான், அப்போதுதான் ஞாபகம் வந்தது, ஓடிப்போய்க் காலைத் தொட்டான். இரண்டும் கல் மாதிரி குளிர்ந்திருந்தன. எந்தக் கால் எந்தக் கால் என்று குளிருக்குத் தெரியவில்லை.

ஏழு மணிக்கு டாக்டர் வந்தார், டிரெய்னர் குருவிலா சார் தன் காரிலேயே கூட்டிக்கொண்டு வருகிற டாக்டர். குனிந்தார், தடவினார், பத்தடி ஓட்டிக் காட்டச் சொன்னார். ஐஸில் மரத்த காலுக்கு வலி எங்கே தெரியும், கல்யாண வீட்டுப் பெண் மாதிரி ஓடிக் காட்டினாள். ஃபைன் என்று சொல்லிவிட்டு டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டார். அந்த நேரத்தில் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் என்ன சொல்வது. சூடு இருந்தது சார், நான் அதை ஐஸ் வைத்து அழித்துவிட்டேன், இருந்ததா என்பதும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. இப்படி ஒரு பேச்சைப் பேச எந்தக் குதிரைக்காரனுக்கு வாய் வரும். அதுவும் அவனுக்கு. மூன்று வருஷத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு சாம்பல் குதிரைக்குக் கால் சூடு என்று அவன்தான் சொன்னான், உறுதியாகச் சொன்னான், அது ஜெயிக்கும் என்று ஊரே காத்திருந்த பந்தயம், கடைசி நிமிஷத்தில் விலக்கினார்கள். படம் எடுத்துப் பார்த்தால் காலில் ஒன்றுமில்லை. வெய்யிலில் நின்ற கால், அவ்வளவுதான். அந்த ஓனர் கோபித்துக்கொண்டு தன் குதிரைகள் எல்லாவற்றையும் வேறு லாயத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். குருவிலா சார் கத்தவில்லை, அவர் கத்துகிற ஆள் இல்லை, ஏழு மாசம் சவரிமுத்துவுக்குக் குதிரை தரவில்லை. சாணி அள்ளினான், வைக்கோல் விரித்தான், மற்றவர்களுடைய குதிரைகளுக்குத் தண்ணீர் இறைத்தான். ஏழாம் மாசக் கடைசியில் பாப்பாவின் கயிற்றைக் கையில் கொடுத்து, "சவரி, இனி கை சொல்லுறதைக் கேக்கண்டா, நான் சொல்லுறதைக் கேட்டா மதி" என்றார். மலையாளம் கலந்த தமிழில் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், அவர் சொல்வதைக் கேட்டால் போதுமாம். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.

போன வாரம் அவள் தீனியில் பாதியை மீதி வைத்தாள். அதைச் சொன்னான், அதைச் சொல்வதில் ஆபத்தில்லை. "பெண் குதிரையல்லே, அதுக்கு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மூட்" என்றார் சார். காதை மடக்கிக்கொண்டு நின்றாள், அதுவும் மூட். இடது முன்னங்காலை ஒரு சாண் முன்னால் நீட்டி வைத்து, பாரத்தை மற்ற காலில் போட்டுக்கொண்டு நின்றாள், எல்லாரும் பார்த்தார்கள், ஸ்டைலைப் பார் என்றார்கள். பக்கத்து லாயத்தில் ஓர் ஆண் குதிரை ஒரு வேளைக் கொள்ளைத் தொடாமல் விட்டதற்கு ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள், உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள், ராத்திரி ஆள் போட்டுக் காவல் இருந்தார்கள். இவள் சாப்பிடாவிட்டால் பருவம், உதைத்தால் பருவம், சும்மா நின்றால் அதுவும் பருவம். வலி என்கிற வார்த்தையை மட்டும் இவள் விஷயத்தில் யாரும் எடுக்கவில்லை. அவனே எடுக்கவில்லை, பிறத்தியாரைச் சொல்லி என்ன. இந்த யோசனை ஓடும்போதே வட்டத்தின் நடுப் புல்வெளியிலிருந்து மணி அடித்துவிட்டார்கள், ஜாக்கிகள் ஏற வேண்டும், சவரிமுத்து பாப்பாவைத் திருப்பி நிறுத்தினான். ஓனர் அம்மா நின்றிருந்தார்கள், பொள்ளாச்சிக்காரர்கள், பட்டுப் புடவைக்கு மேல் கம்பளிச் சால்வை, பெயர் மிருணாளினி. நல்ல மனுஷி. இந்தப் பந்தயமே அவர்கள் பிடிவாதத்தில் வந்ததுதான். போன மாசம் பெண் குதிரைகளுக்கு மட்டும் நடந்த பந்தயத்தில் பாப்பா ஆறு குதிரை நீளத்தில் ஜெயித்தாள், அன்றைக்கு யாரோ ஒரு பெரிய மனிதர், பெண்களுக்குள் ஓடி ஜெயிப்பது என்ன ஜெயிப்பு என்று காபிக் கோப்பையோடு சொல்லியிருக்கிறார். அம்மா முகம் சிவந்துபோயிற்றாம். "எங்க வீட்லயும் ரெண்டும் பொண்ணுங்கதான் சவரி. யாருக்கும் குறைச்சல் இல்லாம வளர்த்திருக்கேன். இவளும் ஆம்பளைங்க கூடவே ஓடட்டும்" என்று லாயத்துக்கு வந்து பாப்பாவுக்குக் கேரட் கொடுத்துக்கொண்டே சொன்னார்கள். அதில் ஒரு வார்த்தை தப்பென்று சொல்ல முடியுமா. ஓடட்டும்தான். பாப்பாவால் முடியாதது ஒன்றுமில்லை, நாலு காலும் நாலு காலாக இருந்தால்.

பெண் என்பதற்காக ஒன்றரைக் கிலோ சலுகை உண்டு. ஆண் குதிரை ஐம்பத்தேழு கிலோ சுமந்தால் இவள் ஐம்பத்தைந்தரை, சேணத்துக்கு அடியில் சொருகுகிற ஈயத் தகட்டில் அவ்வளவைக் குறைத்துக்கொள்வார்கள். இதைச் சவரிமுத்து ஒரு தடவை வீட்டில் சொன்னபோது அவன் பெண்டாட்டி பிரகாசி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் கட்டட வேலைக்குப் போகிறவள். "எங்களுக்குக் கூலியில கொறைப்பாங்க, தூக்குற கல்லுல கொறைக்க மாட்டாங்க. உன் குதிரைக்கு வந்த வாழ்வப் பாரு" என்றாள். ஒன்றரைக் கிலோ. ரேஷனில் வாங்கும் சர்க்கரை அளவு. உலகத்தில் பெண்ணாகப் பிறந்ததற்கு யோசித்து, நிறுத்து, கொடுத்தது இவ்வளவுதான், அதையும் தகடு எண்ணித்தான் கொடுக்கிறார்கள். ஜாக்கி நிதின் வந்தான், மஞ்சள் சட்டை, ஊதாத் தொப்பி, வலது கையில் சாட்டை. இடது முழங்காலை மடக்கி நீட்டினான், சவரிமுத்து இரண்டு கையையும் கோத்து ஏந்தித் தூக்கிவிட்டான், பையன் பஞ்சு மாதிரி ஏறி உட்கார்ந்தான். பாரம் ஏறியதும் பாப்பா இடது காலை மாற்றி வைத்தாள். பார்த்தான். நிதினும் பார்த்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். குருவிலா சார் பக்கத்தில்தான் நின்றார், கையெட்டும் தூரம். நாலு வார்த்தை. கால் சரியில்லை சார். மூன்றே வார்த்தை. ஓனர் அம்மா சாமி கும்பிடுகிற மாதிரி பாப்பாவின் மூக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். "சார்" என்றான் சவரிமுத்து. அவர் திரும்பினார். நெற்றி வேர்த்திருந்தது அவருக்கு, இந்தக் குளிரில். அந்த வேர்வையைப் பார்த்ததும் சவரிமுத்துவின் வாயில் இருந்தது வேறாக மாறிவிட்டது. "மழை வரும் போலருக்கு சார்" என்றான். அவர் அண்ணாந்து பார்த்தார். "வரட்டே. ஈரம் அவளுக்கு நல்லது" என்றார்.

மைதானத்து வாசல்வரை கூட்டிக்கொண்டு போய்க் கயிற்றைக் கழற்ற வேண்டும். கழற்றுகிறபோது ஒரு கணம் கொக்கி மாட்டிக்கொண்டது, ரெண்டு நிமிஷம் மாட்டிக்கொண்டே இருந்தால் என்ன என்று நினைத்தான், அதற்குள் விரல் கழற்றிவிட்டது. இந்த விரல்கள் அவனைக் கேட்டு எதையும் செய்வதில்லை. மஞ்சள் சட்டை குலுங்கிக் குலுங்கிப் போயிற்று. பாப்பா ஓடுவதைப் பின்னாலிருந்து பார்த்தான், ஈரப் புல், சத்தம் கேட்காது. சரியாகத்தான் ஓடுகிறாள். தலையை லேசாக ஆட்டுகிறாளோ. வாய்க் கம்பியை மெல்லுகிறாள், அதற்குத் தலை ஆடும். குதிரைகளை அனுப்பிவிட்ட குதிரைக்காரர்கள் எல்லாம் வெறும் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசி நேர்ப்பாதைக் கம்பியோரம் போய் நின்றார்கள், பந்தயம் முடிந்ததும் அவரவர் குதிரையைப் பிடிக்க வேண்டும். கவுஸ் பக்கத்தில் வந்து நின்றான், தண்டர் ஹில் என்கிற பெரிய கறுப்புக் குதிரையைக் கவனிக்கிறவன், எல்லாரும் ஜெயிக்கும் என்று சொல்கிற குதிரை. அவன் விரலில் கர்ப்பூரத் தைல வாசனை தூக்கியடித்தது. ஆண் குதிரைகளோடு ஒரு பெண் ஓடுகிறாள் என்றால் ஆண் குதிரை மூக்கில் தைலம் தடவிவிடுவார்கள், பெண் வாசனை பிடித்துக் கவனம் சிதறக் கூடாது. "பாதி டப்பா காலி சவரிண்ணா. உங்க பாப்பா பின்னால போய்ட்டான்னா எங்காளு எங்கயாவது தெசை தப்பிடுவான்" என்றான் கவுஸ். "வாசனை எட்டுற தூரத்துல பாப்பா எங்க இருப்பா. முன்னால போவா. தைலம் வீண் பாய்" என்றான் சவரிமுத்து. வாய் பாட்டுக்குச் சிரித்துப் பேசுகிறது, வாய்க்கும் மற்றதற்கும் சம்பந்தமில்லை. கவுஸ் அவனை ஓரக்கண்ணால் பார்த்தான். "ஏண்ணா, காலைலேருந்து கைய கைய கன்னத்துல வெச்சிகினு இருக்கீங்க." சவரிமுத்து தன் கையைப் பார்த்தான். உண்மைதான், உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான், இப்போது கை என்ன சூடு என்று பார்க்க. "பாய், உனக்குக் கால் சூடுன்னா எப்டித் தெரியும்" என்று கேட்டுவிட்டான். கவுஸ் மூக்கைத் தேய்த்தான், தைலம் கண்ணில் பட்டுக் கண்ணீர் வந்தது. "தெரியாதுண்ணா. தெரிஞ்சாலும் தெரியாது. புள்ளைங்க படிக்குது" என்றான்.

பிரகாசி ஒரு தடவை சாயங்காலம் வேலையிலிருந்து வந்து, உடம்பு கொதிக்கிறது தொட்டுப் பார் என்றாள். அவன் அப்போதுதான் குதிரைத் தீனி காய்ச்சுகிற அண்டாவை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்திருந்தான், கை நெருப்பாக இருந்தது, கழுத்தில் வைத்துப் பார்த்து ஒன்றுமில்லை, சில்லென்று இருக்கிறது என்றான். அவளும் எழுந்துபோய்ச் சோறு வடித்தாள். ஐந்து நாள் அப்படியே வேலைக்குப் போனாள். ஆறாம் நாள் சாரத்தில் நின்றபடியே மயங்கி, நல்லவேளை மணல் குவியலில் விழுந்தாள். டைபாய்டு. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. பிழைத்து வந்தாள், இப்போதும் வேலைக்குப் போகிறாள், இன்றைக்கும் யாருக்காவது காய்ச்சல் என்றால் "எம் புருசன் கைய வெச்சிப் பாக்கச் சொல்லு, சாவுற வரைக்கும் நல்லாருக்கேம்பான்" என்று ஊர் சிரிக்கச் சொல்வாள். அவனும் சேர்ந்து சிரிப்பான். ஒரு தடவை இல்லாத சூட்டை இருக்கிறது என்றான், ஒரு தடவை இருந்த சூட்டை இல்லை என்றான். மூன்றாவது தடவை எந்தப் பக்கம் விழும். ஒன்றுக்கு ஒன்று ஆகிவிட்டது, இனி சுண்டிப் போடுகிற காசுதான் அவன் கை. அந்தக் கையை நம்பி மூன்று வார்த்தை சொல்லியிருக்க வேண்டுமா. ஆமாம். சொல்லியிருக்க வேண்டும். கை பொய்யாக இருந்தாலும் வாளி பொய்யில்லையே, அவள் தானாகக் காலை வைத்தாளே, அதைச் சொல்லியிருக்கலாமே. சார், பாப்பா இன்றைக்கு வாளியை உதைக்கவில்லை. சிரித்திருப்பார்கள். பெண் குதிரைக்குப் புத்தி வந்துவிட்டது என்றிருப்பார்கள்.

எதிர்ப்பக்கத்தில் ஓட்டம் தொடங்குகிற கம்பிக் கூண்டுக்குள் குதிரைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள், இங்கிருந்து பொம்மை மாதிரி தெரிந்தது. அதற்குப் பின்னால் பச்சை வேன். அதைப் பார்க்கக் கூடாது என்று இருந்தான், பார்த்துவிட்டான். பந்தயத்துக்குப் பந்தயம் குதிரைகளின் பின்னாலேயே வரும், கூரைமேல் சுருட்டிக் கட்டிய பச்சைத் துணி, நாலு மூங்கில். ஒரு குதிரைக்குக் கால் போய்விட்டால் அந்தத் துணியை விரித்து நாலு பேர் பிடித்துக்கொள்வார்கள், ஜனங்கள் பார்க்கக் கூடாது. குதிரைக்காரன் மட்டும் துணிக்கு உள்ளே போகலாம். சவரிமுத்து இரண்டு தடவை உள்ளே போயிருக்கிறான். தலையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், கண்ணை மறைத்துக்கொள்ள வேண்டும், டாக்டர் ஊசி போட்டு முடிக்கிறவரை காதைத் தடவிக்கொண்டிருக்க வேண்டும். முடிந்ததும் கயிற்றைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வர வேண்டும். அந்த நடைதான். கயிறு அன்றைக்கு எவ்வளவு கனக்கும் என்பதற்குக் கிலோக் கணக்கு கிடையாது. பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து குன்னூர் குன்னூர் என்று கண்டக்டர் கூவுவது கேட்டது. போய் ஏறிக்கொள்ளலாம். மேட்டுப்பாளையம், அங்கிருந்து ரயில், காலையில் சென்னை, என்ன ஆயிற்று என்று தெரியாமலே இருந்துவிடலாம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஏரிப் பக்கமிருந்து பனிமூட்டமாக மஞ்சு இறங்கியது, ஊட்டி மஞ்சு சொல்லாமல் வரும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூண்டு இல்லை, வேன் இல்லை, எதிர்ப்பக்கத்து யூகலிப்டஸ் மரங்களும் இல்லை. ஒலிபெருக்கியில் மணிச் சத்தம். ஜனங்கள் ஹோ என்றார்கள். குதிரைகள் ஓட ஆரம்பித்துவிட்டன, எங்கே என்று தெரியவில்லை.

ஒலிபெருக்கியில் ஒருவர் இங்கிலீஷில் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனார். சவரிமுத்துவுக்கு அதில் குதிரைப் பெயர்கள் மட்டும் புரியும், நடுவில் வருவதெல்லாம் தண்ணீர் ஓடுகிற மாதிரி ஓடிவிடும். தண்டர் ஹில் என்றார். இன்னொன்றைச் சொன்னார். எர்லி மான்சூன் என்றார், நாலாவதாக. மூச்சு வந்தது. இருக்கிறாள். திரும்பத் தண்டர் ஹில், திரும்ப அந்த இன்னொன்று, மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது, வேறு வேறு பெயர்கள். அவள் பெயர் இல்லை. பின்தங்கிவிட்டாள், அவ்வளவுதான், ஆண்களோடு ஓட முடியவில்லை, நல்லது, பின்தங்கட்டும், கடைசியாக வரட்டும், நடந்து வரட்டும், மாதாவே, நடந்தாவது வரட்டும். திரும்ப ஒரு சுற்றுப் பெயர்கள். இல்லை. வளைவு வந்திருக்கும் இப்போது, வளைவில்தான் இடது காலில் பாரம் விழும். கவுஸ் அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தான், எப்போது பிடித்தான் தெரியவில்லை, தன் குதிரைக்காக அவன் கத்தக்கூட இல்லை. மஞ்சுக்குள் தரை அதிர்வது கேட்டது, முதலில் காலில் தெரிந்தது, பிறகுதான் காதில். கறுப்புக் குதிரை முதலில் மஞ்சைக் கிழித்துக்கொண்டு வந்தது. அதற்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சட்டை. ஒரு சிவப்பு. மஞ்சள் எங்கே. மஞ்சள் எங்கே. வேலிக் கம்பியோடு ஒட்டி, யாரும் பார்க்காத உள்பக்கத்தில், மஞ்சள் வந்தது.

ஒலிபெருக்கிக்காரருக்கே அவள் தெரிந்திருக்கவில்லை, தெரிந்ததும் அவர் குரல் உடைந்தது. நிதின் சாட்டையைத் தொடவில்லை. அவள் தானாகத்தான் ஓடினாள், கழுத்தை நீட்டி, காதைப் பின்னுக்கு மடக்கி, லாயத்தில் வலியில் நின்றாளே அதே காதோடு. சிவப்பைத் தாண்டினாள், வெள்ளையைத் தாண்டினாள், மேடையில் ஜனங்கள் எழுந்துவிட்டார்கள், பெண்கள் கத்துகிற சத்தம் தனியாகக் கேட்டது. தண்டர் ஹில் பக்கத்தில் வந்தபோது அந்தப் பெரிய குதிரை தலையை அவள் பக்கம் திருப்பியது, தைலம் எல்லாம் ஓடுகிற காற்றில் போயிருக்கும். சவரிமுத்து கத்தவில்லை. இடது கால், இடது கால், இடது கால் என்று ஒவ்வொரு தடவை அது தரையில் படும்போதும் எண்ணிக்கொண்டிருந்தான், பட்டது, நின்றது, பட்டது, நின்றது. ஒரு கழுத்து நீளத்தில் ஜெயித்தாள். கவுஸ் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான், தன் குதிரை தோற்றதற்கு ஒரு மனுஷன் இப்படிச் சந்தோஷப்பட்டு சவரிமுத்து பார்த்ததில்லை. அவனுக்கும் வந்தது அந்தச் சந்தோஷம், வரவில்லை என்று சொன்னால் பொய், பத்து ஆம்பளைகளைத் தள்ளிவிட்டு வந்தாள் என் பிள்ளை. கம்பிக்குக் கீழே நுழைந்து ஓடினான். வேகம் குறைந்து திரும்பி வந்துகொண்டிருந்தாள். நடையில் நாலு சத்தம் இல்லை இப்போது. மூன்றரை. நிதின் அதற்குள் கீழே இறங்கியிருந்தான், இறங்கி அவன் காதில் மட்டும் கேட்க, "வளைவுல ஒரு தடவை கால் மடிஞ்சு உட்காரப் பார்த்தா அங்கிள், அப்புறம் அவளே எழுந்துட்டா" என்றான். சொல்லிவிட்டுத் திரும்ப ஏறிக்கொண்டான், போட்டோவுக்கு ஜாக்கி மேலே இருக்க வேண்டும்.

மாலை போட்டார்கள். ஓனர் அம்மா அழுதுகொண்டே சிரித்தார்கள். காபிக் கோப்பைப் பெரிய மனிதரும் வந்து கைகொடுத்தார் போலிருக்கிறது. போட்டோக்காரன் குதிரைக்காரனைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னான். சவரிமுத்து தள்ளி நிற்கவில்லை, குனிந்தான், அத்தனை பேர் முன்னாலும் மண்டியிட்டு இடது முன்னங்காலின் பின்பக்கத்தை உள்ளங்கையால் பிடித்தான். கொதித்தது. தெளிவாக, சந்தேகமே இல்லாமல், தோலுக்கு அடியில் துடித்துத் துடித்துக் கொதித்தது. இப்போது அவன் கை குளிரவுமில்லை, சுடவுமில்லை, அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் கை சரியாக இருந்தது. எழுந்து சொல்லிவிட்டான், சத்தமாகவே சொன்னான். "சார், கால் சூடா இருக்கு சார். இடது முன்னங்கால்." குருவிலா சார் அவனைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற டாக்டரைப் பார்த்தார், டாக்டர் ஓனர் அம்மாவைப் பார்த்தார், மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, பாசமான சிரிப்பு. "எடோ சவரி, ஆயிரத்து அறுநூறு மீட்டர் ஓடி வந்திருக்கு. சூடா இல்லாம பின்னே ஐஸ்கிரீம் மாதிரி இருக்குமோ" என்றார் சார். தோளில் தட்டினார். "காலையில நல்லாத்தானே இருந்தது. டாக்டர் பார்த்ததல்லே. நீதானே பிடிச்சுக் காட்டினே." ஆமாம் சார் என்றான். வேறு என்ன சொல்வான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்தது பெங்களூர் சார். அங்கேயும் ஆண்கள் கூடத்தான். இனிமே இவ பெண்கள் பந்தயத்துல ஓடவே கூடாது" என்றார்கள். பதினெட்டு நாள் இருக்கிறது என்றார் சார். "நீ கொண்டுபோய் ஐஸ் வை" என்றார் அவனிடம், "நாளைக்குக் காலையில டாக்டர் வந்து பார்ப்பார்."

லாயம் கால் மைல். அதை முக்கால் மணி நேரமாக நடந்தார்கள், மஞ்சுக்குள் அவனும் அவளும், அவள் ஓர் அடி வைத்து நிற்பாள், அவனும் நிற்பான். வழியில் யாரோ கைதட்டினார்கள். போர்வையைப் போட்டான், வியர்வையைத் துடைத்தான், தண்ணீர் காட்டினான், குடிக்கவில்லை. நாளைக்குக் காலை டாக்டர் கை வைக்கும்போது சூடு இருக்க வேண்டும் என்றால் இன்றிரவு ஐஸ் வைக்கக் கூடாது. வைக்காவிட்டால் ராத்திரி முழுக்க இவள் துடிக்க வேண்டும். துடிக்கட்டும், ஒரு ராத்திரிதானே, ஒரு ராத்திரி துடித்தால் கால் பிழைக்கும், வாளியை வெளியே தள்ளிவிடு சவரி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார், இந்த ஒரு தடவையாவது அந்தக் கைகளைக் கட்டிப்போடு. இப்படிச் சொல்லிக்கொண்டே வாசலில் உட்கார்ந்தான், உட்கார்ந்து கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டான். பாப்பா பின்னால் நின்று அவன் தோளில் மூக்கை வைத்தாள். மூச்சு கழுத்தில் பட்டது. பிறகு மூக்கை எடுத்துக்கொண்டு மூலைப் பக்கம் திரும்பினாள், காலையில் வைத்த வாளி அங்கேதான் கிடந்தது, ஐஸ் உருகிக் கலங்கல் தண்ணீர் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மூன்று காலில் நொண்டி நொண்டி அதன் பக்கம் போனாள், இடது காலைத் தூக்கினாள், யாரும் சொல்லாமலே வாளிக்குள் வைத்துக்கொண்டு அவனைத் திரும்பிப் பார்த்தாள். சவரிமுத்து ஐந்து நிமிஷம் போல அசையாமல் இருந்தான். அப்புறம் எழுந்து ஐஸ் உடைக்கப் போனான்.